யாரும் இல்லாத நேரத்துல ஸ்கூல் இழுத்த கரண்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் ஒரு அரசு பள்ளியில பிசிக்ஸ் எடுக்கற ஆசிரியர். ரெண்டு பிளாக், மாடியோட சேத்து இருபது க்ளாஸ் ரூம், ஒரு கம்ப்யூட்டர் லேப், ஆபீஸ், ஸ்டாஃப் ரூம், அவ்வளவுதான் கட்டடம். ஒரு ரூமுக்கு ரெண்டு ஃபேன், ரெண்டு டியூப் லைட். ஏசி எங்கயும் கிடையாது. கரண்ட் பில் எங்க கைக்கு வரவே வராது, நேரா மேல் ஆபீஸுக்கு போயிடும், அங்கயே கட்டிடுவாங்க, அதனால ஒரு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுதுன்னு எச்.எம்முக்கும் தெரியாது, எங்க யாருக்கும் தெரியாது. இது சின்ன விஷயம் மாதிரி தோணும், ஆனா பின்னால நடந்த எல்லாத்துக்கும் வேர் இதுதான்னு இப்ப நினைக்கறேன். பில்லைப் பாக்காதவங்களுக்கு எதைக் குறைக்கணும்னு எப்படித் தெரியும்.

ஒரு நாள் மேல் ஆபீஸ்லேர்ந்து எச்.எம்முக்கு போன், "உங்க ஸ்கூல் பில் மட்டும் கூடிக்கிட்டே போகுது, என்னன்னு பாருங்க"ன்னு. எல்லாரும் செய்யறதைத்தான் நாங்களும் முதல்ல செஞ்சோம். ஒவ்வொரு சுவிட்ச் போர்டு பக்கத்துலயும் "வெளிய போகும்போது ஆஃப் செய்யவும்"னு ஸ்டிக்கர் ஒட்டினோம், க்ளாஸ் லீடர் கிட்ட பொறுப்பு குடுத்தோம், பிரேயர்ல ரெண்டு தடவை சொன்னோம். பசங்க நல்லாவே ஒத்துழைச்சாங்க. ஒரு மாசம் கழிச்சு மேல் ஆபீஸ்ல கேட்டா பில் கிட்டத்தட்ட அதே தொகைதான். அப்பத்தான் எச்.எம் என்னைக் கூப்பிட்டு "சார், நீங்க பிசிக்ஸ்தானே, இதை ஒழுங்கா உக்காந்து பாருங்களேன்"னு சொன்னாங்க.

முதல் ரெண்டு வாரம்: வெறும் மீட்டர் ரீடிங்

எதையும் மாத்தாம முதல்ல அளக்கணும்னு முடிவு பண்ணேன். ஒன்பதாம் வகுப்பு பசங்க நாலு பேர், ஒரு நோட்டு. காலைல 7 மணிக்கு ஒரு ரீடிங், சாயங்காலம் 6 மணிக்கு ஒரு ரீடிங். காலை ரீடிங்குக்கு பசங்களால வர முடியாது, அதனால நைட் வாட்ச்மேன் அண்ணன் கிட்ட கேட்டோம், அவரு சரின்னுட்டாரு. ஞாயித்துக்கிழமையும் அவரே எழுதுனாரு.

ரெண்டு வாரம் முடிஞ்சு நோட்டைப் பாத்தப்ப எனக்கு நிஜமாவே அதிர்ச்சி. ஸ்கூல் நடக்கற பகல்ல சுமார் 60 யூனிட். சாயங்காலம் 6லேர்ந்து மறுநாள் காலை 7 வரைக்கும், அதாவது யாருமே இல்லாத 13 மணி நேரத்துல, 19லேர்ந்து 20 யூனிட். ஞாயித்துக்கிழமை முழு நாளும் பூட்டியே கிடந்த கட்டடம் 36 யூனிட் இழுத்திருக்கு. வகுத்துப் பாத்தா ரெண்டுமே ஒரே இடத்துல வந்து நிக்குது, மணிக்கு ஒன்றரை யூனிட். யாரோ எப்பவோ ஒரு லைட்டை மறந்துட்டுப் போனா இப்படி ஒரே சீரா வராது. ஏதோ நிரந்தரமா ஓடிக்கிட்டே இருக்கு.

வருஷத்துக்கு 8,760 மணி நேரம். பள்ளி 200 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னு வச்சா 1,600 மணி, அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. மிச்ச நாலு பங்குக்கு மேல கட்டடம் காலியாத்தான் இருக்கு. எங்க ரீடிங்கை வச்சு வருஷக் கணக்குப் போட்டா, ராத்திரியும் லீவு நாளும் சேந்து மொத்த யூனிட்ல 45 சதவீதம் வருது. கிட்டத்தட்ட பாதி. நாங்க ஸ்டிக்கர் ஒட்டினது மிச்ச பாதிக்கு, அதுலயும் பசங்க ஏற்கனவே ஆஃப் பண்ணிக்கிட்டு இருந்ததுக்கு. பில் ஏன் அசையலன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

கண்ணுல பட்டது

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் விட்டதுக்கு அப்புறம் நானும் எலக்ட்ரீஷியனும் வாட்ச்மேனும் சேந்து ஒரு சுத்து சுத்தினோம். கரண்ட் ஒவ்வொரு ரூமுக்கும் பிரிஞ்சு போற டிபி பாக்ஸைத் திறந்தா, ஒவ்வொரு லைனையும் தனியா நிறுத்தற எம்சிபி சுவிட்ச் ஒண்ணு மேலயும் எது எந்த ரூமுக்குன்னு எழுதல. அதனால எலக்ட்ரீஷியன் பாக்ஸ் கிட்ட நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணா இறக்குவாரு, நான் மீட்டர்ல பல்பு சிமிட்டறதைப் பாப்பேன், வாட்ச்மேன் வராண்டாவுல ஓடி ஓடிப் பாத்து "போச்சு சார்", "இல்ல, இது போகல"ன்னு கத்துவாரு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. எங்க மீட்டர்ல யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல்னு முகப்புலயே போட்டிருக்கும், அதை வச்சு எந்த லைன் எவ்வளவு இழுக்குதுன்னு ஓரளவு பிரிச்சிட்டோம்.

வாட்டர் கூலர் ரெண்டு. ராத்திரி முழுக்க யாரும் குடிக்காத தண்ணிய கூலா வச்சுக்கிட்டே இருக்கு, கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுது. ரெண்டும் சேத்து சராசரியா 350 வாட்.

கம்ப்யூட்டர் லேப்ல மானிட்டர் எல்லாம் ஆஃப், அதனால லேப் ஆஃப்னுதான் எல்லாரும் நினைச்சிருக்கோம். ஆறு சிபியூ ஓடிக்கிட்டே இருந்துச்சு. கூடவே பெரிய யூபிஎஸ், எதுவும் மாட்டலன்னாலும் அது தனக்குன்னு கொஞ்சம் இழுக்கும், பேட்டரி பழசானா இன்னும் கூட. மொத்தம் 500 வாட் பக்கம். லேபைத் திறந்ததும் முகத்துல அடிச்ச அனலே சொல்லிடுச்சு.

வெளிய ஆறு பழைய டியூப். டியூப் 40 வாட்னு போட்டிருந்தாலும் பழைய சோக் தனியா 10லேர்ந்து 15 வாட் சாப்பிடும், அதனால ஒண்ணு 50க்கு மேல. இதுல நாலு ரெண்டு பிளாக்குக்கும் நடுவுல, யாருமே நடக்காத இடத்துல எரியுது.

இது எல்லாத்தையும் கூட்டியும் கணக்கு இடிச்சுது. மணிக்கு ஒன்றரை வரல, இன்னும் கால் யூனிட் எங்கயோ போகுது. நான் மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்தப்ப வாட்ச்மேன் அண்ணன் சாதாரணமா சொன்னாரு, "மோட்டார் ராத்திரி தானா ஓடும் சார், ஒரு மணிக்கு ஓடும், நாலு மணிக்கு ஓடும், நான் எழுந்து எழுந்து பாப்பேன். தண்ணி மேல போகுது, ஆனா காலைல சம்ப்புல தண்ணி அப்படியே இருக்கு." எவ்வளவு நாளா அண்ணேன்னு கேட்டேன். "அது ஆச்சு சார், ரெண்டு வருஷம் இருக்கும். யாரும் கேக்கல."

அந்த வார்த்தை எனக்குள்ள இன்னும் இருக்கு. ராத்திரி அந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கற ஒரே ஆள் அவருதான், கரண்ட் பத்தி நாங்க போட்ட எந்த மீட்டிங்லயும் அவரு இல்ல.

மோட்டார் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இது நிறைய ஸ்கூல்ல இருக்கும்னு நினைக்கறேன். மாடி டேங்க்ல லெவல் குறைஞ்சா மோட்டார் தானா ஓடற மாதிரி கன்ட்ரோலர் மாட்டியிருக்கு. ராத்திரி மொத்தம் மூணு மணி நேரம் ஓடுது, 1 எச்.பி மோட்டார், அதாவது மூணு யூனிட்டுக்கு மேல. ஆயிரம் லிட்டர் தண்ணிய பத்து மீட்டர் ஏத்த கணக்குப்படி 0.027 யூனிட் போதும், சின்ன மோட்டார்ல மூணு மடங்கு ஆகும்னு வச்சாக்கூட மூணு யூனிட்ல முப்பதாயிரம் லிட்டருக்கு மேல ஏறியிருக்கணும். டாய்லெட் குழாய் ஒழுகினா இவ்வளவு போகாது, போயிருந்தா சம்ப் காலியாயிருக்கும். அப்ப ஏறின தண்ணி திரும்ப சம்ப்புக்கே வருது. பாத்தா அதேதான், டெலிவரி பைப் டேங்குக்கு அடியில சேருது, நடுவுல இருக்கற, தண்ணி திரும்பி இறங்காம தடுக்கற நான்-ரிட்டர்ன் வால்வுல மண்ணு சிக்கி மூடாம நின்னிருக்கு. மோட்டார் நின்ன உடனே தண்ணி வந்த வழியே இறங்க ஆரம்பிக்கும், லெவல் குறையும், மோட்டார் மறுபடி ஓடும். ரெண்டு வருஷமா ஒரே தண்ணி மேலயும் கீழயும் போய் வந்துக்கிட்டு இருந்திருக்கு.

எடுத்த முடிவுகள், ஏன் அப்படி எடுத்தோம்

ரிப்போர்ட்டை ஸ்டாஃப் மீட்டிங்ல வச்சப்ப முதல் குரல் "சோலார் போட்டுடலாம்"னுதான் வந்துச்சு. நான் இப்ப வேணாம்னு சொன்னேன், சோலார் மேல எந்தக் கோவமும் இல்ல. இப்ப இருக்கற யூனிட்டுக்கு அளவு எடுத்தா மேலயும் கீழயும் போற தண்ணிக்கும் சேத்து பேனல் வாங்கறோம். முதல்ல ஒழுகறதை அடைக்கணும், அப்புறம் எவ்வளவு தேவைன்னு பாக்கணும். கூரையில ஒரு மூலை ஒழுகுது, பேனலைப் போட்டுட்டு அதை ரிப்பேர் பண்றது ரெட்டை வேலை. எச்.எம் ஒத்துக்கிட்டாங்க.

அதனால முதல் கட்டம் செலவு ரொம்ப கம்மியான வேலை மட்டும். நான்-ரிட்டர்ன் வால்வை மாத்தினோம். கூலர் ரெண்டுக்கும் டைமர், சாயங்காலம் 5 மணிக்கு ஆஃப், காலைல 6 மணிக்கு ஆன். லேப்ல கடைசி பீரியட் எடுக்கற ஆசிரியர் யூபிஎஸ் வரைக்கும் ஆஃப் பண்ணிட்டு நோட்டுல கையெழுத்துப் போடணும். வெளி லைட்டுல எதை எடுக்கலாம்னு வாட்ச்மேன் கிட்டயே கேட்டோம், ஏன்னா இருட்டுல நடக்கறவர் அவரு. கேட் பக்கமும் டாய்லெட் பக்கமும் வேணும்னாரு, அந்த ரெண்டை 20 வாட் எல்இடியா மாத்தினோம், மிச்ச நாலையும் தனி சுவிட்ச்ல போட்டு தேவைப்பட்டா மட்டும் எரியற மாதிரி வச்சோம். டாய்லெட் ஃபிளஷ் டேங்க்ல மையைக் கலந்து கால் மணி நேரம் விட்டுப் பாத்தோம், கோப்பையில கலர் இறங்கின இடத்துல எல்லாம் வாஷர் மாத்தினோம்.

க்ளாஸ் ரூம்ல ரெண்டு டியூபுக்கும் ஒரே சுவிட்ச். ஒண்ணு ஜன்னல் பக்கம், ஒண்ணு வராண்டா பக்கம். வராண்டா பக்கம் இருட்டா இருக்குன்னு போட்டா வெயில் அடிக்கற ஜன்னல் பக்கமும் சேந்து எரியும். பசங்க மேல எந்தத் தப்பும் இல்ல, வயரிங்தான் அப்படி. நாலு ரூம்ல மட்டும் பிரிச்சுப் பாத்தோம், மறுநாளே ஜன்னல் பக்கம் டியூப் பெரும்பாலும் அணைஞ்சே இருந்துச்சு, யாரும் சொல்லாமலே. ஒரு டியூபையே கழட்டிடலாம்னு ஒருத்தர் சொன்னதை நான் கடுமையாவே எதிர்த்தேன். எழுதப் படிக்க க்ளாஸ்ல 300 லக்ஸ் வெளிச்சமாவது வேணும், கடைசி பெஞ்ச் பசங்க கண்ணைச் சுருக்கிப் படிச்சு மிச்சம் பிடிக்கற யூனிட் நமக்கு வேணாம்.

ஃபேன் ரெண்டாம் கட்டம். பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் கம்மியா இழுக்கற புது வகை மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். நாளுக்கு 8 மணி, 200 நாள்னா ஒரு ஃபேனுக்கு வருஷம் 120 யூனிட், புதுசுல 48. மிச்சம் 72. நல்ல மிச்சம்தான், ஆனா அது ஓடற நேரத்தைப் பொறுத்தது, ஸ்டோர் ரூம்ல மாத்தினா ஒண்ணும் கிடைக்காது. அதனால கூரைக்கு நேர் கீழ இருக்கற மாடி ரூம்தான் முதல்னு எழுதி வச்சோம், அங்கதான் காலைலேர்ந்து மாலை வரை ஃபேன் நிக்கவே நிக்காது.

மிச்சம் யாருக்கு

ஃபேனுக்குக் காசு எங்கேர்ந்து வரும்னு வந்தப்பதான் அந்தப் பழைய வேர் மறுபடி தலைதூக்குச்சு. பில் கட்டறது மேல் ஆபீஸ், மிச்சமும் அவங்களுக்குத்தான். உழைக்கறது ஸ்கூல். ஜெர்மனியில ஹாம்பர்க் நகரத்துல 1994ல இதுக்கு ஒரு வழி ஆரம்பிச்சாங்க, பேரே ஃபிஃப்டி-ஃபிஃப்டி. பசங்களும் ஆசிரியர்களும் சேந்து மிச்சம் பிடிச்ச தொகையில பாதி ஸ்கூலுக்கு, பாதி பில் கட்டற நிர்வாகத்துக்கு. அப்புறம் ஐரோப்பாவுல பல நாட்டு ஸ்கூல்ல இதை எடுத்துக்கிட்டாங்க. இதை விளக்கி எங்க ரீடிங் நோட்டோட நகலையும் வச்சு எச்.எம் லெட்டர் எழுதுனாங்க. பணமா குடுக்க விதி இல்லன்னு பதில் வந்துச்சு. ஆனா ரெண்டு விஷயத்துக்கு ஒத்துக்கிட்டாங்க, மாசாமாசம் பில் நகல் ஸ்கூலுக்கு வரும், நடப்பு வருஷத்துலயே பன்னெண்டு ஃபேன் தருவாங்க. என்னைக் கேட்டா ஃபேனை விட பில் நகல்தான் பெருசு.

நடுவுல நடந்த தப்பு

மூணாவது மாசம் நாங்க பண்ண தப்பை மறைக்காம எழுதணும். ராத்திரி ரீடிங் 8க்கு வந்துடுச்சு, இன்னும் குறைக்கணும்னு ஒரு வேகம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டாவது பிளாக்ல மெயினையே இறக்கிட்டுப் போயிட்டோம், அங்க ராத்திரி எதுவும் தேவையில்லன்னு நான்தான் சொன்னேன். திங்கக்கிழமை பாத்தா பரீட்சை கொஸ்டின் பேப்பர் பூட்டி வைக்கற ரூமோட கேமரா அந்த லைன்ல இருந்திருக்கு, ஒன்றரை நாள் ரெக்கார்டிங்கே இல்ல. பேப்பருக்கு ஒண்ணும் ஆகல, சீல் அப்படியே இருந்துச்சு, ஆனா எச்.எம் மேல் ஆபீஸுக்கு விளக்கம் எழுதிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அவங்க என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, அதனாலயே எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அன்னிக்கே உக்காந்து ரெண்டு டிபி பாக்ஸுக்கும் முழுசா லேபிள் ஒட்டினோம். எப்பவும் ஆஃப் பண்ணக் கூடாத லைனுக்கு, அதாவது கேமரா, நெட்வொர்க் பாக்ஸ், கேட் லைட்டுக்கு, சிவப்பு டேப். மத்ததுக்கு பச்சை. மெயினை இறக்கக் கூடாதுன்னு எழுதியே ஒட்டினோம்.

ஃபேன்லயும் ஒரு சின்ன சிக்கல். முதல் ரெண்டு ஃபேனை எலக்ட்ரீஷியன் பழைய ரெகுலேட்டர் வழியாவே குடுத்துட்டாரு, உறுமிக்கிட்டு விட்டு விட்டு ஓடுச்சு. பிஎல்டிசி ஃபேனுக்குள்ளயே எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கு, அதுக்கு முன்னால ரெகுலேட்டர் இருக்கக் கூடாது, நேர் லைன் குடுக்கணும். எடுத்துட்டு நேரா குடுத்ததும் சரியாயிடுச்சு. ரிமோட் வேற தொலைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, இப்ப ஸ்டாஃப் ரூம்ல ரூம் நம்பர் எழுதி ஆணியில தொங்குது.

ஒரு வருஷம் கழிச்சு

ராத்திரி ரீடிங் 19லேர்ந்து 6, 7க்கு வந்து நின்னுடுச்சு. ஞாயித்துக்கிழமை 36 இருந்தது 12 பக்கம். பில் நகலை வச்சு போன வருஷம் அதே மாசத்தோட ஒப்பிட்டுப் பாத்தோம், மொத்தத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிருக்கு. இதுல பெரும் பங்கு வால்வு, டைமர், லேப் கையெழுத்து நோட்டு, வெளி லைட் இந்த நாலுலேர்ந்து வந்தது. பன்னெண்டு ஃபேனோட பங்கு சின்னதுதான், ஆனா மாடி ரூம் பசங்களுக்கு பழைய ஃபேனை விட காத்து நல்லா வருது, அதை யூனிட்ல எழுத முடியாது.

பில்லுல இன்னொரு வரியும் கண்ணுல பட்டுச்சு. ஓடின யூனிட்டுக்கு ஒரு தொகை, வாங்கி வச்சிருக்கற லோடுக்கு, அதாவது ஒரே நேரத்துல இவ்வளவு வரைக்கும் இழுக்கலாம்னு வாங்கின அளவுக்கு, தனியா ஒரு நிரந்தரத் தொகை. நாங்க வாங்கி வச்சிருக்கற லோடு எந்த மாசமும் நாங்க தொட்டதை விட அதிகம். உடனே குறைக்கச் சொல்லி எழுதல, ஏன்னா கூட்டித் திரும்ப வாங்கறது கஷ்டம். முழுசா பன்னெண்டு மாச உச்ச லோடு கையில வந்ததுக்கு அப்புறம் எழுதலாம்னு வச்சிருக்கோம்.

எல்லாம் சரியா வரல. க்ளாஸ் ரூம்ல டியூப் சுவிட்சைப் பிரிச்சு வயரிங் மாத்தறது நாலு ரூமோட நின்னுடுச்சு. பரீட்சை மாசத்துல சாயங்கால வகுப்பு நடந்ததால யூனிட் கூடுச்சு, அந்த மாசம் ஸ்டாஃப் ரூம்ல "எல்லாம் வீண்"னு பேச்சு வந்துச்சு. வேலை செஞ்ச நேரமே கூடியிருக்கறப்ப வெறும் மாச மொத்தத்தை வச்சுப் பேசக் கூடாது, ராத்திரி ரீடிங்கைத் தனியா பாருங்கன்னு காட்டினதுக்கு அப்புறம்தான் அடங்குச்சு.

மறுபடி செஞ்சா என்ன மாத்துவேன்

ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு வார மீட்டர் ரீடிங். அந்த ஒரு மாசம் பசங்களை வீணா குத்தம் சொன்ன மாதிரி ஆயிடுச்சு, அதுக்காக இப்பவும் வருத்தப்படறேன். எந்த எம்சிபியையும் தொடறதுக்கு முன்னாடி லேபிள். பழைய ரெண்டு மூணு வருஷ பில்லையும் ஆரம்பத்துலயே கேட்டு வாங்கியிருக்கணும், எங்க கையில ஒப்பிட ஒரே ஒரு வருஷம்தான் இருந்துச்சு, அந்த வருஷம் வெயில் கூட இருந்திருந்தா கூட எங்களால பிரிச்சுச் சொல்ல முடியாது. முதல் மீட்டிங்குக்கே வாட்ச்மேன் அண்ணனையும் பெருக்கற அக்காவையும் கூப்பிட்டிருப்பேன். காலைல முதல்ல ரூமைத் திறக்கறது அந்த அக்கா, பெருக்கறப்ப எல்லா லைட்டையும் போட்டு மணி அடிக்கற வரைக்கும் அப்படியே விடறது வழக்கம்னு எங்களுக்கு ஏழாவது மாசம்தான் தெரிஞ்சுது. அவங்க கிட்ட யாரும் சொல்லல, அவ்வளவுதான். சொன்ன அன்னிக்கே ரூமை முடிச்சதும் அணைச்சுட்டுப் போக ஆரம்பிச்சுட்டாங்க.

ரீடிங் நோட்டு இப்ப நாலாவது நோட்டு. ஒன்பதாம் வகுப்பு பசங்க பத்துக்குப் போயிட்டாங்க, புது பசங்க எழுதறாங்க, காலை ரீடிங் மட்டும் இன்னும் வாட்ச்மேன் அண்ணன் கையெழுத்துலதான். போன ஞாயிறு ரீடிங் வழக்கத்தை விட நாலு யூனிட் கூட இருந்துச்சு. என்னன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே பக்கத்துல சின்னதா எழுதியிருந்தாரு, "கரண்ட் போய் வந்ததுல கூலர் டைமர் மணி மாறிடுச்சு, சரி பண்ணிட்டேன்." பேட்டரி உள்ள டைமர் ரெண்டு வேணும்னு எச்.எம் கிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்.